நின்ற இடத்தில் திருப்பக் கூடாது

எங்கள் காருக்கு முப்பத்தோரு வயது. எங்கள் கல்யாணத்துக்கு இருபத்தெட்டு. அதாவது, நான் இந்த வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்னாலேயே அது வந்து உட்கார்ந்துவிட்டது, மூத்தாள் மாதிரி. இஞ்சின் லேசாக இருமினால் இவர் எழுந்து போய்க் காது கொடுத்துக் கேட்பார். நான் இருமினால் "தண்ணி குடி" என்பார். இப்படித்தான் எங்கள் குடித்தனம்.

இவர் மருந்துக் கம்பெனியில் விற்பனைக்காரராக இருந்தவர். ஊர் ஊராக அந்தக் காரில்தான் சுற்றினார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கண்ணில் அழுத்தம் ஏறி, நரம்பு கெட்டு, முதலில் ஒரு கண், ஏழே மாதத்தில் இன்னொன்று. பார்வை போனது, வேலையும் போனது. அதுவரை ஸ்டியரிங்கைத் துடைக்கக்கூடத் தொட்டறியாத நான், நாற்பத்து நான்கு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வேறு வழி இல்லை.

அதற்கப்புறம் நாங்கள் பிடித்த பிழைப்புதான் இந்தத் துணி வேலை. மூன்று சின்ன மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், திரைகள். காலையில் போய் அழுக்கு மூட்டைகளை எடுத்து வருவேன். வீட்டில் பெரிய மெஷின் இரண்டு ஓடும். மொட்டைமாடியில் காயப்போட்டு, தேய்த்து, சாயங்காலம் ஐந்து மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். மடிப்பது இவர் வேலை. ஓரத்தோடு ஓரம் சேர்த்து அவர் மடித்தால் அட்டை வெட்டிய மாதிரி இருக்கும். கண்ணை வைத்துக்கொண்டு நான் விட்டுவிடுகிற ஓட்டையை இவர் விரல் விடாது.

காருக்கு வருகிறேன். அந்தக் காலத்து வண்டி, பவர் ஸ்டியரிங் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றும் தெரியாது, வெண்ணெய் மாதிரி போகும். நிற்கிறபோது திருப்பிப் பாருங்கள், தண்ணீரில் ஊறிய கம்பளியை ஒற்றை ஆளாகப் பிழிகிற மாதிரி இருக்கும். மருத்துவமனைக்காரர்கள் துணிமூட்டையை வாசலில் வைத்தா கொடுப்பார்கள்? எல்லாம் பின்பக்கச் சந்துதான். ஒரு பக்கம் குப்பைத் தொட்டி, மறுபக்கம் ஆக்ஸிஜன் வண்டி. முன்னே நாலடி, பின்னே மூன்றடி என்று ஆறேழு தடவை வளைத்தால்தான் வண்டி வெளியே வரும். மூன்று மருத்துவமனை, நாளுக்கு இரண்டு நடை. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் இவருக்கு ஒரு வேத வாக்கு உண்டு. "ஓடும்போது திருப்பு. நின்ன இடத்துல திருப்பக் கூடாது." நான் கற்றுக்கொள்ளத் தொடங்கிய அன்று சொன்னார். அதற்கப்புறம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒன்பது வருஷமாக, நாள் தவறாமல் சொன்னார். அந்தச் சந்தில் ஓடுவதற்கு எங்கே இடம் இருக்கிறது என்று நான் கேட்டால், "துளி நகர்ந்தாப் போதும், டயர் உருளணும், அவ்வளவுதான். கை பழகிடும்" என்பார்.

கை பழகவில்லை. போன வருஷம் என் வலது தோள் பூட்டிக்கொண்டது. முதலில் கொடிக்குக் கை எட்டவில்லை. அப்புறம் தலை பின்ன முடியவில்லை. அப்புறம் முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, கோழி இறக்கை மாதிரி அரைச்சாண்தான் விரிக்க முடிந்தது. டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "தோள் மூட்டு இறுகிப்போச்சு. ஆறு மாசம் கார் ஓட்டாதீங்க" என்றார். ஆறு மாதம் நான் ஓட்டாவிட்டால் மூன்று மருத்துவமனையும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். அப்புறம் நாங்கள் இரண்டு மெஷினையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

டாக்டர் சொன்னதை இவரிடம் சொன்னேன். விரிப்பை மடிப்பதை நிறுத்தவேயில்லை.

"நீ நின்ன இடத்துல திருப்புறே. எத்தனை தடவை சொன்னேன்? நான் இருபது வருஷம் ஓட்டினேன், எனக்கு ஒரு வலி வந்துச்சா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த விரிப்பைப் பிடுங்கி அவர் தலையில் போர்த்திவிடலாம் போல இருந்தது. வலி இருக்கட்டும், அது என் தலைவிதி. வலிக்கிறது என்று சொல்லும்போது, அது என் தப்பு என்று ஒருத்தர் பதில் சொல்கிறாரே, அதுதான் வயிறெரிந்தது. "ஆமா, உனக்கு வலிக்குது" என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்த மனுஷன் வாயால் கேட்டுவிட வேண்டும். இவ்வளவு களேபரமும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

வெளியூரில் இருக்கிற மகள் போனில், "அந்த டப்பாவை வித்துத் தொலைச்சிட்டு வேற வாங்குங்கம்மா" என்றாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவாள். அதை யார் வாங்குவார்கள்? விற்கிறேன் என்று சொன்னால் இவரை யார் சமாதானம் செய்வது?

வழி சொன்னவர் எங்கள் மெக்கானிக். ஊரே அவரை 'அவசரம்' என்றுதான் கூப்பிடும். அவர் எதற்கும் அவசரப்பட்டதில்லை என்பதால் வந்த பெயர். "நாளைக்கு முடிச்சிடலாம்" என்று அவர் சொன்னால், எந்த மாதத்து நாளை என்று நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"அக்கா, இந்த வண்டிக்கே பவர் ஸ்டியரிங் வெச்சிடலாம்" என்றார். "அடிபட்டு நொறுங்கின சின்னக் கார் ஒண்ணு பழைய இரும்புக் கடையில கிடக்கு. அதுல ஸ்டியரிங் தண்டோட மோட்டார் இருக்கு, கரண்ட்ல ஓடுறது. உங்க தண்டைக் கழட்டிட்டு அதை மாட்டிடலாம். நீங்க லேசாத் தொட்டா போதும், மிச்சத்தை மோட்டார் திருப்பிக்கும்."

இவர் காதில் விழுந்ததும் ஆரம்பித்துவிட்டார். "என் காரை வெட்டி ஒட்டப் போறியா? ஸ்டியரிங்ல ரோடு தெரியணும்டா. குழி, மணல், ஈரம் எல்லாம் கையில பேசும். மோட்டாரை வெச்சா ஊமையாயிடும்."

"அண்ணே, ஓட்டுறது அக்கா."

"ரோட்டைப் பத்தி எனக்குத் தெரியும்."

"தோளைப் பத்தி எனக்குத் தெரியும்" என்றேன் நான். "வெட்டுங்க தம்பி."

அன்றைக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவர்தான்.

பதினோரு நாள் கார் பட்டறையில் கிடந்தது. நான் வாடகை வண்டியில் மூட்டைகளை ஏற்றி இறக்கி நாயாக அலைந்தேன். இடையில் ஒரு நாள் போய்ப் பார்த்தபோது, ஸ்டியரிங் இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தது. பழைய தண்டு கீழே கிடந்தது. புதியது நாலு விரற்கடை நீளம் குறைவு. அறுத்து, நடுவில் வேறொரு துண்டு வைத்துப் பற்றவைத்து, மாட்டிப் பார்த்தால் மோட்டார் என் முழங்காலில் இடித்தது. மறுபடி கழற்றி, தாங்கு தகட்டை மேலே ஏற்றினார். பேட்டரியிலிருந்து விரல் தடிமனுக்கு ஒரு கம்பி, நடுவில் ஒரு ஃபியூஸ். அவசரத்தை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், பற்றவைத்த இடத்தைத் தன் முழு எடையையும் போட்டு இழுத்துத் தொங்கிப் பார்த்த பிறகுதான் வண்டியைக் கொடுத்தார்.

கொடுக்கும்போது ஒன்று சொன்னார். "அக்கா, இஞ்சின் ஓடும்போது எவ்ளோ வேணா திருப்புங்க. இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம, சும்மா சாவியை மட்டும் போட்டுட்டுத் திருப்பிட்டே இருக்காதீங்க. மோட்டார் பேட்டரியை உறிஞ்சிடும். பழைய வண்டி, தாங்காது." வீட்டுக்கு வந்து இதை அப்படியே இவரிடம் ஒப்பித்தேன். ஓரத்தை நீவி விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் அவமானம்தான். ஒன்பது வருஷமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்த கை, பழக்கதோஷத்தில் அதே வேகத்தில் இழுத்தது. வண்டி சட்டென்று திரும்பி, பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியை மல்லாக்கத் தள்ளிவிட்டு நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர், "சொன்னேன்ல. ஊமை வண்டி" என்றார். நான் இறங்கி, அந்தக் குப்பையையெல்லாம் கையால் அள்ளித் தொட்டியில் போட்டேன்.

நாலாவது நாள் பெரிய மருத்துவமனையின் பின்சந்தில், வழக்கம்போல ஆக்ஸிஜன் வண்டி வழி மறித்து நின்றது. நான் இடது கையால் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன். நின்ற இடத்திலேயே. அது பாட்டுக்குச் சுற்றியது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் என்று நினைக்காதீர்கள். இவ்வளவு சுலபமாக இருந்திருக்க வேண்டிய ஒன்றுக்காகவா என் தோளைக் கொடுத்தேன் என்று வந்த அழுகை. பின்னால் நின்ற வேன்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

அதைச் சொல்லலாம் என்று பக்கத்து இருக்கையைப் பார்த்தால், அங்கே மூட்டைதான் இருந்தது. முதல் நாளோடு இவர் வருவதை நிறுத்திவிட்டார். ஒன்பது வருஷம் ஒரு நடை விடாமல் கூட வந்தவர். "நான் வரல, நீ போயிட்டு வா" என்றார். சரி, மூத்தாளை வெட்டி ஒட்டிய கோபம், இறங்குகிறபோது இறங்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் வண்டிக்குள் அந்த நச்சரிப்பு இல்லாமல் என்னவோ போல இருந்தது. "இடப்பக்கம் குழி வரும்" என்று சொல்ல ஆள் இல்லாமல் இரண்டு தடவை குழியில் விட்டேன்.

பிறகு பேட்டரி தொல்லை ஆரம்பித்தது. காலை நடை ஒழுங்காகப் போகும். சாயங்காலம் தேய்த்த துணியெல்லாம் ஏற்றிச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவசரம் வந்து வேறு பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்துக் கிளப்பிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் மறுபடி 'டக்'. அவர் வந்து ஒவ்வொரு கம்பியாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கரண்ட் எங்கயும் கசியலக்கா. பேட்டரியும் நல்லாத்தான் இருக்கு. நான் சொன்னதை மறந்துட்டீங்களா?"

"நான் என்ன சின்னப் பிள்ளையா, சாவியைப் போட்டு விளையாட?"

இவர் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ஒட்டுப் போட்ட வண்டி அப்படித்தான்" என்றுகூடச் சொல்லவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இவராவது, சொல்லிக்காட்டக் கிடைத்த வாய்ப்பை விடுவதாவது!

இரண்டு நாளும் துணி போய்ச் சேரும்போது ஏழு மணி. பெரிய மருத்துவமனையின் தலைமை நர்ஸ் பொறுமைசாலி, ஆனால் பொறுமைக்கும் ஓர் அளவு இருக்கிறதே. மறுநாள் காலை மூட்டை எடுக்கப் போனபோது, "நாளைக்கு விடியற்காலையில ஆபரேஷன் நாலு இருக்கும்மா. இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள விரிப்பு வரணும். வரலேன்னா நான் வேற ஏற்பாடு பண்ணிடுவேன், தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். பாதி வருமானம் அந்த ஓர் இடம்தான்.

அன்றைக்கு மூன்றரை மணிக்கே ஆபரேஷன் விரிப்புகளைத் தேய்த்து மூட்டை கட்டி முன்கூடத்தில் வைத்துவிட்டேன். மெஷினில் அடுத்த நாள் துணி ஓடிக்கொண்டிருந்தது. நான் மாடியில் திரைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. இரண்டு மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன. அந்த மெஷின் சத்தம் எங்கள் வீட்டில் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஓயாது. அது நின்றால்தான் வீட்டில் வேறு சத்தங்களும் உண்டு என்று தெரியும்.

அப்போதுதான் கேட்டது. கீழே முற்றத்து ஜல்லியில் கரகரவென்று டயர் அரைபடுகிற சத்தம். நிற்கும். மறுபடி அரைபடும். ஒன்பது வருஷமாகக் கேட்டு, திட்டு வாங்கின சத்தம் அது. எனக்குத் தெரியாமல் போகுமா? நின்ற இடத்தில் யாரோ ஸ்டியரிங்கைத் திருப்புகிறார்கள்.

கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தேன். டிரைவர் இருக்கையில் இவர்.

காரைத் துடைக்கிறேன் என்று தினமும் மத்தியானம் துணியோடு போவார். கண் போன நாளிலிருந்து இருக்கிற பழக்கம்தான், நான் கண்டுகொள்வதில்லை. சாவி வாசல் ஆணியில் தொங்கும். படியில் தடதடவென்று இறங்கினேன். அட பாவி மனுஷா, என் பிழைப்பில் மண்ணைப் போட்டது நீதானா என்று மனதுக்குள் கத்திக்கொண்டே வந்தேன். இரண்டு நாள் தாமதம், நர்ஸிடம் நான் கெஞ்சிய கெஞ்சல், எல்லாம் இவர் விளையாட்டாலா!

கார் ஜன்னலுக்கு வந்தவள் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டேன்.

கிழிந்து கழித்துப்போட்ட தலையணை உறை ஒன்றை நீளமாகக் கிழித்து, தன் வலது முழங்கையை விலாவோடு சேர்த்துக் கட்டியிருந்தார். அந்தக் கை அரைச்சாண்தான் நகர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் கையாலும் மறு கையாலும் ஸ்டியரிங்கை இழுத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பாதிச் சுற்றில் கை வழுக்கி விட்டுவிட்டது. தடவிப் பார்த்துச் சாவியைப் போட்டார், மறுபடி திருப்பினார். இந்தத் தடவை அது திரும்பியது, ஆனால் முக்கி முனகித் திரும்பியது. பேட்டரி செத்துக்கொண்டிருந்தது.

"என்ன பண்றீங்க?"

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. "காரைத் துடைக்கிறேன்."

"நின்ன இடத்துல திருப்பக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு, "நான்தான்" என்றார்.

"கையை எதுக்குக் கட்டியிருக்கீங்க?"

"இதுக்கு மேல வராதுன்னு ஒரு நாள் காட்டினே இல்ல, என் கையைப் பிடிச்சு உன் முழங்கையில வெச்சு. அந்த அளவுக்குக் கட்டியிருக்கேன்." ஸ்டியரிங்கை விடாமலேயே பேசினார். "முதல் நாள் நீ திருப்பினப்போ பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். நீ மூச்சுப் பிடிக்கற சத்தம் கேட்கல. ஒன்பது வருஷமா ஒவ்வொரு திருப்பத்துலயும் 'ம்ம்'னு ஒரு சத்தம் வரும் உங்கிட்ட இருந்து. அது வண்டியோட சத்தம் மாதிரியே பழகிப்போச்சு எனக்கு. அன்னைக்கு அது இல்ல. அப்புறம்தான் தோணுச்சு, அது வலியில வந்த சத்தமான்னு."

எனக்கே தெரியாது, நான் அப்படி ஒரு சத்தம் போட்டேன் என்று.

"அதான் சாவி போடாமத் திருப்பிப் பார்த்தேன். போட்டுத் திருப்பிப் பார்த்தேன். தினமும் பார்க்கிறேன். கையைக் கட்டிட்டா என்னால அரைச் சுத்து முடியல. எனக்கு அது கனம்னே தெரிஞ்சதில்ல, ஒரு நாள்கூட."

இந்த வார்த்தைக்காகத்தானே காத்திருந்தேன்? வந்ததும் குளிர்ந்துபோயிருக்க வேண்டாமா? எனக்கு அலுப்பாகத்தான் வந்தது. அப்படியே ஜல்லியில் உட்கார்ந்துவிடலாம் போல ஓர் அலுப்பு.

"நான் வாயால சொன்னா நம்ப மாட்டீங்க. ஸ்டியரிங் சொன்னாத்தான் நம்புவீங்களா?" என்று கத்தினேன். "பேட்டரி செத்துப்போச்சு, அந்த நர்ஸம்மாகிட்ட நான் கைகட்டி நின்னேன். இவ்ளோ நடந்தும் வாயைத் திறக்கல. கூட வர்றதையும் நிறுத்திட்டீங்க."

"எப்படி வர்றது? பக்கத்துல சும்மா உட்கார்ந்துட்டு, உன் தப்புன்னு சொல்லிட்டே வந்தவன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உட்கார்றது?" முகத்தை என் பக்கம் திருப்பினார். "உனக்கு ரொம்ப வலிச்சிருக்கும்."

நான் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "வலிச்சுது" என்றேன்.

"இன்னும் வலிக்குதா?"

"வலிக்குது. முன்னைக்கு இப்போ பரவாயில்ல."

தலையை ஆட்டினார். மேலே பேச நேரம் இல்லை. மணி நாலே கால்.

மூட்டைகளைப் பின்னால் ஏற்றிச் சாவியைத் திருப்பினேன். 'டக்'. அவசரத்தைக் கூப்பிட்டால் ஆறு மணிக்கு வருவார். எங்கள் வாசலைத் தாண்டி வலது பக்கம் திரும்பினால் தெரு நல்ல சரிவு. அதுவரை தள்ளிவிட்டால் உருண்டு கிளம்பும்.

"நீ உட்காரு. நான் தள்ளுறேன்" என்றார். என் பக்கக் கதவோரமாக வந்து நின்று, ஒரு தோளைக் கதவுச் சட்டத்தில் கொடுத்துத் தள்ளினார். ஐம்பத்தொன்பது வயது. ஜல்லியில் செருப்பு வழுக்கியது. வண்டி அங்குல அங்குலமாக வாசலுக்கு வந்தது. இனித் திருப்ப வேண்டும். பேட்டரி செத்த வண்டியில் மோட்டார் ஏது? அதே பழைய கனம். நான் இழுத்தேன். தோளில் கத்தி இறங்கியது. என்னையறியாமல் அந்தச் சத்தம் வந்தது, 'ம்ம்'.

உடனே ஜன்னல் வழியாக அவர் கை உள்ளே வந்தது. காற்றில் தேடி, என் கையைத் தொட்டு, அதைத் தாண்டி ஸ்டியரிங்கைப் பிடித்தது.

"நீ விடு. எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு."

"வலது. இன்னும் வலது. கம்பம் இருக்கு, போதும், நேரா."

அவர் தோளால் தள்ளிக்கொண்டே கையால் திருப்பினார். நான் வழி சொன்னேன். வண்டி சரிவில் இறங்கி வேகம் எடுத்தது. இவர் பக்கத்தில் ஓட்டமும் நடையுமாக வந்தார், ஸ்டியரிங்கை விடவில்லை. கிளட்சை விட்டேன். இஞ்சின் இரண்டு தடவை திணறி, பிடித்துக்கொண்டது. மோட்டாருக்கு உயிர் வந்து, எங்கள் இருவர் கைக்கும் கீழே ஸ்டியரிங் பொசுக்கென்று லேசானது.

பிரேக்கைப் பிடித்தேன். அவர் மூச்சு வாங்க நின்றார். முழங்கையில் கட்டியிருந்த துணி அவிழ்ந்து தொங்கியது.

"சுத்தி வந்து ஏறுங்க. அஞ்சு மணிக்குப் போகணும்."

பானெட்டைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து, கதவைத் திறந்து, இருக்கையில் இருந்த தலையணை உறைக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெரிய மருத்துவமனையின் பின்சந்தில் ஆக்ஸிஜன் வண்டி வழி மறித்து நின்றது. நான் வண்டியை நிறுத்தினேன். அவர் காதைக் கொடுத்து, என் மூச்சைக் கேட்டபடி இருந்தார்.

"நின்ன இடத்துலயே திருப்பு" என்றார்.